பாணுக்குள்ள என்ன வச்சுச் சாப்பிட்டீங்க? மட்டக்களப்பு, அம்பாறை ஆக்கள் வாங்க

கல்லடிக்காரி

பாண் எண்டா சம்பலும் பருப்பும் மட்டும் இல்ல. எங்கட வீட்டில பாணைப் பிளந்து அதுக்குள்ள வைக்காத சாமான் இல்ல. கூனிச் சம்பல் (கூனி எண்டா காய்ஞ்ச பொடி இறால்), முதல் நாள் மீன் ஆணத்தில வத்திப்போய்க் கிடக்கிற அடி, மரவள்ளிப் பொரியல், மசிச்ச கோழிக்கூட்டு வாழைப்பழத்துக்கு மேல சீனி, பால்மாவும் சீனியும் கலந்த தூள். இப்பிடிச் சாப்பிட்டு வளர்ந்த ஆக்கள் இஞ்ச கனபேர் இரிப்பீங்க. உங்கட வீட்டில என்ன வச்சாங்க, எப்பிடிச் செஞ்சாங்க எண்டு எழுதுங்க. எனக்கு அது தேவையாவும் இரிக்கு.

என்ட மகன் தரம் நாலு படிக்கிறான். அம்மம்மா செய்யிற கூனிச் சம்பல் எண்டா அவனுக்கு உயிர். அம்மா கூனியைச் சுளகில போட்டுப் புடைச்சு மண்ணையும் மீசையையும் எடுத்திட்டு, வெறும் சட்டியில மெல்லிய நெருப்பில வறுப்பா. கையால கசக்கினா நொறுங்கணும், அதுதான் பதம். மறுகா காய்ஞ்ச கொச்சிக்காய், சின்ன வெங்காயம், தேங்காய்ப்பூ எல்லாம் உரல்ல போட்டு இடிச்சு, கடைசியில தேசிக்காய்ப் புளி விடுவா. பாணுக்கு நல்லா மார்ஜரின் பூசி நடுவில அதை வச்சு இடைவேளைக்குக் கட்டிக் குடுக்கிறது.

போன தவணையில ஒரு நாள் பெட்டி அப்பிடியே திரும்பி வந்திச்சு. பக்கத்துப் பிள்ளைகள் மூக்கைப் பொத்தினதாம். வகுப்புக்கு வந்த ஒரு ரீச்சரும் "வீட்டில சொல்லி ஜாம் பூசிக் கொண்டு வாங்க" எண்டு சொல்லியிரிக்கா. அதுக்குப் பிறகு ஜாம் பாணைத் தவிர வேற ஒண்டும் கொண்டு போறான் இல்ல. வீட்டில கூனி வறுத்தாலும் கதவைச் சாத்திக்கொண்டு அறைக்குள்ள இரிக்கிறான். அம்மாவுக்கு அது பெரிய கவலை, எனக்கும்தான். வாவியில இருந்து வாற சாமானைச் சாப்பிடுறதுக்கு, வாவிக்கரையில பிறந்த பிள்ளை ஏன் வெக்கப்படணும்?

---

படுவான்கரையான்

தயிர். எங்கட பக்கம் எல்லாத்துக்கும் தயிர்தான்.

நல்ல எருமைத் தயிர் எண்டா சட்டியைச் சரிச்சாலும் அசையாது. கரண்டியால வெட்டி எடுத்துப் பாண் துண்டில வச்சு, சீனி தூவி, மற்றத் துண்டால மூடினா முடிஞ்சு. கடிக்கக்குள்ள முதல்ல சீனி நறநறக்கும், பிறகு புளிப்பு வரும். சீனி கரையிறதுக்கு முன்னம் சாப்பிடணும். அதுக்காக நாங்க ஓடி ஓடிச் சாப்பிடுவம்.

தொண்ணூறுகளில, யுத்த காலத்தில, எங்கட ஊருக்குப் பாண் வாவியைத் தாண்டித்தான் வரணும். மண்முனைத் துறையில அப்ப பாலம் இல்ல, 2014லதான் பாலம் வந்திச்சு. ஒரு அண்ணன் சைக்கிளுக்குப் பின்னால பெட்டி கட்டி, சைக்கிளோட ஓடத்தில ஏறி வருவார். வவுணதீவுப் பக்கத்தால சாமான் கொண்டு வாறதெண்டா சோதனைச் சாவடியில இறக்கிக் காட்டணும், கன சாமான் உள்ள வரவே ஏலாது. அதால பாண் எங்கட கைக்கு வரக்குள்ள காய்ஞ்சு போயிரிக்கும். டின் மீன், ஜாம் எல்லாம் கடையில கிடைக்கிறது எப்பவாவதுதான். ஆனா எருமை ஊரில நிண்டது, தயிர் வீட்டில இருந்திச்சு. காய்ஞ்ச பாணைத் தயிர் மெதுவாக்கும். அந்த வயசில எங்களுக்கு அது விருந்து.

தங்கச்சி, அந்த ரீச்சர் சொன்னது எனக்குச் சரியாப் படல்ல. பிள்ளைட பெட்டிக்குள்ள இரிக்கிறது அந்த வீட்டு ஆக்கள் விடிய எழும்பிச் செஞ்ச சாப்பாடு. அதைப் பற்றி வகுப்புக்கு முன்னால சொல்லப்படாது.

---

சாய்ந்தமருது ராத்தா

அஸ்ஸலாமு அலைக்கும், எல்லாருக்கும் வணக்கம்.

எங்கட வீட்டில பெருநாளைக்கு அடுத்த நாள் காலைச் சாப்பாடு வட்டிலப்பம் வச்ச பாண். முதல் நாள் ஆக்கின வட்டிலப்பம் ராவு கழிஞ்சு நல்லா இறுகியிரிக்கும். உம்மா அதைக் கத்தியால தகடு தகடா வெட்டிப் பாணுக்குள்ள வைப்பா. ஏலக்காயும் சாதிக்காயும் மணக்கும், கருப்பட்டிப் பாகு பாணுக்குள்ள ஊறி நிறம் மாறியிரிக்கும். முட்டையும் தேங்காய்ப்பாலும் இரிக்கிறதால ஒரு துண்டு திண்டாலே மதியம் வரைக்கும் பசிக்காது. பெருநாள் அண்டைக்குச் சாப்பிட்டதைவிட எனக்கு அதுதான் விருப்பம்.

இன்னொண்டு, இதைக் கேட்டா கன ஆக்கள் நம்ப மாட்டாங்க. தைப்பொங்கலுக்குக் காரைதீவில இரிக்கிற வாப்பாட கூட்டாளி வீட்டில இருந்து ஒரு சட்டி புக்கை வரும். எங்கட வீட்டில இருந்து பெருநாளைக்கு வட்டிலப்பம் போகும். பிட்டும் தேங்காய்ப்பூவும் மாதிரி இரிந்த குடும்பங்கள். மிஞ்சின புக்கை அடுத்த நாள் கட்டியாயிரும். அதையும் எங்கட நானா (அண்ணன்) பாணுக்குள்ள வச்சு அமத்தித் திம்பார். சோத்தைப் பாணுக்குள்ள வைக்கிறதா எண்டு உம்மா ஏசுவா. பயறும் முந்திரிகைவத்தலும் சக்கரையும் சேர்ந்து அது நல்லாத்தான் இரிக்கும்.

சோத்துப் பழக்கம் ஒண்டும் சொல்லணும். நோன்பில ஸஹருக்கு (விடியிறதுக்கு முன்னச் சாப்பாட்டுக்கு) கடைசிக் கோப்பைச் சோறு கறியோட இல்ல. வாழைப்பழம், தயிர், சீனி போட்டுப் பிசைஞ்சு தருவாங்க. பகல் முழுக்கத் தாகம் எடுக்காது எண்டு மூத்தம்மா சொல்லுவா. தமிழ் ஆக்கள் வீட்டிலயும் விருந்துச் சோறு அப்பிடித்தான் முடியும் எண்டு தெரியும்.

கல்லடி தங்கச்சி, கூனிக்குப் பதிலா மாசிக் கருவாட்டுச் சம்பல் அனுப்பிப் பாருங்களன். மணம் குறைவு, பழுதாகவும் மாட்டாது.

---

கல்லடிக்காரி

ராத்தா, மாசி வீட்டில இரிக்கு. ஆனா மாசி வச்சா அவன் தப்பிச்சிட்டான் எண்டுதான் நினைப்பான். கூனியை மறைக்கணும் எண்டு நானே அவனுக்குச் சொல்லிக் குடுக்கிற மாதிரி வரும். அதான் யோசிக்கிறன்.

வட்டிலப்பப் பாணைக் கட்டாயம் செய்யப்போறன்.

---

போறணை வீட்டுப் பெடியன்

ஆரையம்பதிப் பக்கம். எங்கட அப்பா பாண் சுடுற விறகுப் போறணை வச்சிருந்தவர், நானும் அதுக்கு முன்னாலதான் வளர்ந்தன். பாணைப் பற்றிக் கொஞ்சம் சொல்லலாம் எண்டு வந்தன்.

ராவைக்கு மா பிசைஞ்சு புளிக்க விட்டிட்டு, போறணைக்குள்ள விறகைப் போட்டு எரிப்பாங்க. கல்லும் செங்கலும் நல்லாச் சூடேறின பிறகு தணலை இழுத்து வெளிய எடுத்திட்டு, தடியில ஈரச்சாக்கைச் சுத்தி உள்தளத்தைத் துடைப்பாங்க. மறுகாதான் நீட்டு மரத் துடுப்பால பாணை உள்ள தள்ளுறது. நெருப்பு இல்ல, கல்லில நிண்ட சூட்டிலதான் பாண் வேகும். அதாலதான் அடி மொறுமொறுப்பாவும் உள்ளுக்கு மெதுவாவும் வரும். மின்சாரப் போறணையில அந்த அடி வராது.

போறணை வீட்டுப் பிள்ளைகளுக்கெண்டு ஒரு சாப்பாடு இரிக்கு. ஒட்டிக்கொண்டு வேகிற பாணைப் பிரிக்கக்குள்ள கிழிஞ்சுபோற துண்டுகளை விக்க ஏலாது. அதைச் சூட்டோட எடுத்து, விரலால நடுவில குழி போட்டு, தேங்காய் எண்ணெயில ஒரு சொட்டும் ஒரு கிள்ளு உப்பும் போட்டுத் தருவார் அப்பா. வேற ஒண்டும் இல்ல. இண்டைக்கும் எனக்கு அதைவிடப் பெரிய சாப்பாடு இல்ல.

அடுத்தது, பருப்பு வடையைப் பாணுக்குள்ள வச்சு நசுக்கிச் சாப்பிடுறது. வேலையாக்கள் ராவு வேலை முடிஞ்சு விடிய தேத்தண்ணியோட சாப்பிடுறது அதுதான். வயிறு நிறையும், சல்லியும் குறைவு.

எல்லாரும் தெரிஞ்சுகொள்ள வேண்டியது ஒண்டு. சூட்டுப் பாணை வெட்டிச் சம்பல் வச்சுப் பெட்டியில மூடினா உள்ளுக்குள்ள வேர்த்து, சாப்பாட்டு நேரத்துக்குப் பிசுபிசுத்துப் போகும். மணமும் ரெண்டு மடங்காகும். கல்லடி அக்கா, உங்கட மகன்ட பெட்டியில நடந்தது அதுவும்தான் எண்டு நினைக்கிறன். விடிய வந்த பாணை ஆறவிட்டு வெட்டுங்க, இல்லாட்டி முதல் நாள் பின்னேரப் பாணை எடுங்க. பச்சைத் தேங்காய்ப்பூ எங்கட வெயிலுக்குப் பத்து மணிக்கே புளிக்கத் தொடங்கும். பள்ளிக்குப் போற சம்பலுக்கெண்டா தேங்காய்ப்பூவையும் கூனியோட சேர்த்துப் பொன்னிறமா வறுத்து இடிங்க. தேசிக்காயை வேறயாக் குடுங்க.

---

ஓய்வு பெற்ற மருத்துவமாது

எல்லாருடைய நினைவுகளையும் வாசித்தேன். எனக்கும் இந்தச் சாப்பாடுகள் எல்லாம் பழக்கம்தான். ஆனால் கிராமங்களில் கனகாலம் பிள்ளைகளை நிறுத்துப் பார்த்த ஆள் என்ற முறையில் ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது.

சீனிப் பாண், பால்மாச் சீனிப் பாண், வாழைப்பழச் சீனிப் பாண் என்று இந்த இழை முழுக்கச் சீனியாக இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்னது, சேர்த்துக்கொள்ளும் சீனி மொத்தச் சக்தியில் 10 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும், 5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் இன்னும் நல்லது என்று. வளர்ந்த ஆளுக்கு அந்த 5 சதவீதம் ஏறக்குறைய 25 கிராம், அதாவது ஆறு தேக்கரண்டி. சின்னப் பிள்ளைக்கு அதிலும் குறைவு. காலைத் தேத்தண்ணியில் இரண்டு கரண்டி, பாணுக்குள் மூன்று கரண்டி போட்டால் பள்ளிக்கூட மணி அடிக்க முதலே கணக்கு முடிந்துவிடும். சூத்தைப் பல்லோடு கிளினிக்குக்கு வந்த பிள்ளைகளை நான் மறக்கவில்லை. அந்தப் பிள்ளைகளின் வீடுகளில் இன்று நீரிழிவு இருக்கிறது.

கல்லடிக்காரி மகள், உங்கள் அம்மா செய்யும் கூனிச் சம்பல் ஜாமை விட எவ்வளவோ மேல். கூனியை ஓட்டோடு முழுசாகச் சாப்பிடுகிறோம். அதில் புரதமும் கல்சியமும் இருக்கிறது. ஜாமில் இருப்பது சீனியும் கொஞ்சப் பழமும். இதை அந்த ஆசிரியைக்கு மரியாதையாக எழுதி அனுப்புங்கள். உப்பை மட்டும் பார்த்துப் போடச் சொல்லுங்கள், காய்ந்த கூனியிலேயே உப்பு உண்டு. இன்னொன்று, பிள்ளைகள் பெட்டியை மாற்றிச் சாப்பிடுவார்கள். இறால் ஒத்துக்கொள்ளாத பிள்ளை வகுப்பில் இருந்தால் அது ஆபத்து. மகனிடம் அதைச் சொல்லி வையுங்கள்.

---

படுவான்கரையான்

அம்மா, உங்கட அனுபவத்துக்கு மரியாதை. ஆனா ஒரு விஷயத்தில எனக்கு உடன்பாடு இல்ல. நாங்க சீனிப் பாண் சாப்பிட்ட காலத்தில எங்கட அம்மாவுக்கு வேற வழி இருக்கல்ல. மீன் இல்லாத நாள், தேங்காய் இல்லாத நாள், அப்பா வெள்ளாமை வெட்டுக்குப் போய் வாடியில தங்கின நாள், அந்த நாளெல்லாம் வயித்தை நிரப்பினது ஒரு கரண்டி சீனிதான். அதைக் கெட்ட பழக்கம் எண்டு ஒரு வரியில சொன்னா அம்மாவைச் சொன்ன மாதிரி எனக்குப் படுது.

---

ஓய்வு பெற்ற மருத்துவமாது

தம்பி, உங்கள் அம்மாவைப் போன்ற தாய்மாரோடுதான் நான் என் உத்தியோக காலம் முழுக்க இருந்தேன். இல்லாத வீட்டில் அம்மா போட்ட ஒரு கரண்டி சீனியை நான் பேசவில்லை. அன்று அது பசிக்கு மருந்து. இன்று கடையில் முட்டையும் பயறும் வாங்கக்கூடிய வீட்டில், அந்த ருசியின் நினைவுக்காகப் பிள்ளைக்கு நாளாந்தம் சீனிப் பாண் கட்டிக் கொடுக்கிறார்களே, அதைத்தான் சொல்கிறேன். இந்த இரண்டையும் ஒன்றாகப் போடக் கூடாது.

உங்கள் தயிர்ப் பாணில் எனக்குக் குறை இல்லை. சீனியை அரைக் கரண்டி ஆக்கி, ஒரு வாழைப்பழம் வெட்டிப் போடுங்கள். அவ்வளவுதான்.

எங்கள் காலத்துப் பாண் ஒன்றை நானும் சொல்கிறேன். திரிபோஷா என்ற சத்துமா 1973இல் இந்த நாட்டில் தொடங்கினது. சோளமும் சோயாவும் முக்கியம், பால்மாவும் சேரும். கர்ப்பிணித் தாய்மாருக்கும் நிறை குறைந்த பிள்ளைகளுக்கும் 750 கிராம் பைக்கட்டாகக் கொடுப்போம். கொடுத்த மாவு யாருக்குப் போகிறது என்று பார்க்க வீட்டுக்குப் போனால், மூத்த பிள்ளைகள் வாயெல்லாம் மாவோடு நிற்பார்கள். அவித்துப் பதப்படுத்தின மா என்பதால் அப்படியே சாப்பிடலாம். தேங்காய்ப்பூவும் கொஞ்சம் சக்கரையும் சேர்த்து உருண்டை பிடிப்பார்கள், மிஞ்சினதைப் பாணுக்குள் வைத்து அமத்துவார்கள். தாய்க்குக் கொடுத்ததைப் பிள்ளைகள் தின்றால் தாய்க்குப் போதாது, அதற்கு நான் கண்டித்திருக்கிறேன். ஆனால் பாணுக்குள் வைக்க அதைவிடச் சத்தான தூள் அந்த வீடுகளில் வேறு இருந்ததில்லை.

---

படுவான்கரையான்

இப்பிடிச் சொன்னா சரி அம்மா. திரிபோஷா உருண்டை எங்கட வீட்டிலயும் உண்டு. அந்த மாவை வறுத்த மணம் இப்பவும் தெரியும்.

---

கல்முனையாள், லண்டன்

வெளிநாட்டில இருந்து எழுதுறன், குறுக்க வந்ததுக்கு மன்னிக்கணும். இஞ்ச ஆக்கள் பாணுக்குள்ள வைக்கிறதைப் பாத்தா கல்லடிக்காரிட மகனுக்குச் சொல்ல நிறைய இரிக்கு.

இங்கிலாந்தில உருளைக்கிழங்குப் பொரியலை பட்டர் பூசின பாணுக்குள்ள வச்சுச் சாப்பிடுறாங்க. சிப் பட்டி எண்டு பேர், கடையில விலை போட்டு விக்கிறாங்க. பைக்கட்டில வாற மெல்லிய சிப்ஸைப் பாணுக்குள்ள நொறுக்கிப் போடுறதும் வழக்கம், பெரிய உத்தியோகத்தில இரிக்கிற ஆக்களே அப்பிடிச் சாப்பிடுவாங்க. எங்கட மரவள்ளிப் பொரியல் பாணுக்கும் அதுக்கும் என்ன வித்தியாசம்? எங்கடதுல கொச்சிக்காய்த் தூள் இரிக்கு, அவ்வளவுதான். ஒல்லாந்தில காலைச் சாப்பாட்டுக்குப் பாணில பட்டர் பூசிச் சொக்லட் துகளைக் கொட்டிச் சாப்பிடுறாங்க, சின்ன ஆக்கள் மட்டும் இல்ல, பெரிய ஆக்களும். அவுஸ்திரேலியாவில பிள்ளைகள்ட பிறந்தநாளுக்கு, கலர் கலரா இரிக்கிற சீனி மணியைப் பட்டர் பாணில ஒட்டி முக்கோணமா வெட்டி வைப்பாங்க. அதுக்கு ஃபெயாரி பிரெட் எண்டு பேர். மாமைட் இரிக்கே, இலங்கையில எல்லாரும் பாணுக்குப் பூசுறது, அது 1902இல இங்கிலாந்தில பேர்ட்டன் நகரத்தில தொடங்கினது. பியர் காய்ச்சி மிஞ்சின ஈஸ்ட்டில செய்யிறது. அந்த மணத்துக்கும் மூக்கைப் பொத்துற ஆக்கள் இஞ்சயே இரிக்காங்க. ஆனா ஒருத்தரும் அதைப் பிள்ளைகள்ட பெட்டியில இருந்து எடுக்கச் சொல்றதில்ல.

என்ட பாண் எது எண்டு கேட்டா, டின் மீன். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நாங்க ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்தில தங்கினம். முதல் சாப்பாடு பக்கத்துக் கிராமத்து ஆக்கள் கொண்டு வந்தது, சோத்துப் பார்சலும் பாணும். ஒரு வயசான அம்மா நிலத்தில இருந்து டின் மீனை உடைச்சு, பெரிய வெங்காயம், பச்சைக் கொச்சிக்காய் அரிஞ்சு, தேசிக்காய் பிழிஞ்சு கையாலயே பிசைஞ்சு, வரிசையா வந்த பிள்ளைகளுக்குப் பாணுக்குள்ள வச்சுக் குடுத்துக்கொண்டே இரிந்தா. அடுப்பு இல்ல, சமைக்கல்ல. எங்கட வீட்டில அதுக்குப் பிறகு அம்மா டின் மீனைத் தொடமாட்டா. மணம் பட்டாலே எழும்பிப் போயிருவா. நான் அதைக் கிழமைக்கொருக்காச் சாப்பிடுவன். ரெண்டு பேருக்கும் அது அதே பாண்தான்.

---

களுவாஞ்சிகுடி வாத்தியார்

பாணுக்கு வரிசையில் நின்ற தலைமுறை நான். 1973, 74ஆம் ஆண்டுகளில் உலகச் சந்தையில் விலை ஏற, நாட்டில் அந்நியச் செலாவணி இல்லாமல், அரிசியும் மாவும் தட்டுப்பட்டன. விடிய முன்னமே பேக்கரி வாசலில் போய் நிற்போம். கிடைக்கும் அரை இறாத்தலை வீட்டில் நூலைப் பிடித்து வெட்டினதுபோலச் சமமாகப் பங்கு போடுவார்கள். உள்ளே வைக்க அவித்த மரவள்ளிக்கிழங்கு. கிழங்கை உப்போடும் பச்சை மிளகாயோடும் மசித்து, பாணின் அளவுக்கு மேலே கட்டியாக வைத்துவிடுவார் எங்கள் அப்பாச்சி. பாண் குறைவு, கிழங்கு கூட. இன்று அதைக் கேட்டால் மாவுக்குள் மாவு என்பார்கள். பிற்காலத்தில், 1980இல் சீனன்குடாவில் பிறிமா மா ஆலை வந்த பின் வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்த வரிசை தெரியாது. 2022இல்தான் மாவும் எரிவாயுவும் இல்லாமல் பேக்கரிகள் மூடினபோது என் பேரப்பிள்ளைகள் அதைக் கண்டார்கள்.

ஆனால் நான் சாப்பிட்ட பாண்களில் மறக்க முடியாதது 1978 சூறாவளிக்குப் பிறகு சாப்பிட்டது. நவம்பர் 23 இரவு. விடிந்து பார்த்தால் கடற்கரை நெடுக ஒரு தென்னை நிமிர்ந்து நிற்கவில்லை. பெரியவர்கள் விழுந்த தென்னையைப் பார்த்து அழுதார்கள், அது அவர்களின் சீவியம். இரண்டொரு நாளில் நிவாரணப் பாண் வந்தது, தொட்டுக்கொள்ள எதுவும் இல்லை. எங்கள் மாமா ஒரு கோடரியை எடுத்துப்போய், விழுந்த தென்னையின் தலைப்பகுதியைப் பிளந்து உள்ளே இருந்த வெள்ளைக் குருத்தை எடுத்து வந்தார். தென்னங்குருத்தைச் சாதாரணக் காலத்தில் ஒருவரும் தின்பதில்லை, மரத்தைக் கொன்றால்தான் அது கிடைக்கும். அம்மா அதை மெல்லிய நாராகச் சீவி, வெங்காயமும் உப்பும் தேசிக்காயும் போட்டுச் சம்பல் ஆக்கினார். பாணுக்குள் வைத்துக் கடித்தால் நறுக்கென்று இருக்கும், இளம் இனிப்பு. பிள்ளைகள் நாங்கள் இன்னும் வேண்டும் என்று கேட்டோம். மாமா சாப்பிடவில்லை.

கல்லடிக்காரி மகளுக்கு ஒரு ஆசிரியனாகச் சொல்கிறேன். பிள்ளையிடம் "வெட்கப்படாதே" என்று நூறுமுறை சொன்னாலும் வேலை செய்யாது. வகுப்பில் அந்தச் சாப்பாட்டுக்கு இடம் கிடைக்க வேண்டும், அது ஆசிரியரின் கையில்தான் இருக்கிறது. நான் படிப்பித்த காலத்தில் இடைவேளையில் ஆசிரியர் அறைக்குப் போகாமல் பிள்ளைகளோடு இருந்து சாப்பிடுவேன். யார் வீட்டில் என்ன செய்தார்கள், யார் செய்தார்கள், அந்த மீன் எங்கே பிடித்தது என்று கேட்பேன். பழஞ்சோறு கொண்டு வந்த பிள்ளையும் வாய் திறந்து பேசும். ஆசிரியர் ஒரு கவளம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டால் அடுத்த நாள் எவரும் மூக்கைப் பொத்தமாட்டார்கள். நீங்கள் வகுப்பாசிரியரை நேரில் போய்ச் சந்தியுங்கள். குறை சொல்லப் போகாதீர்கள். கூனி எப்படிப் பிடிக்கிறார்கள், வாவி மீன் எவை என்று பிள்ளைகளுக்கு ஒரு பாடவேளை கதைக்க முடியுமா என்று கேளுங்கள்.

---

தன்னாமுனை

எங்கட பறங்கி ஆக்கள் வீட்டில பாணுக்குள்ள கொய்யாப்பழ ஜெலி. பழத்தை வெட்டி அவிச்சு, துணியில கட்டித் தொங்கவிட்டு, சொட்டுச் சொட்டாய் இறங்கிற தண்ணியைச் சீனியோட காய்ச்சினா சிவப்புக் கண்ணாடி மாதிரி இறுகும். துணியைப் பிழிஞ்சிரப்படாது, பிழிஞ்சா ஜெலி கலங்கும். கிறிஸ்மஸ் காலத்தில பட்டர் பூசின பாணில அதை வச்சு, மேல ஒரு துண்டு சீஸ். உப்பும் இனிப்பும். அது ஒண்டு போதும்.

வாத்தியார் சொன்ன தென்னங்குருத்துச் சம்பலை எங்கட அப்பாவும் சொல்லியிரிக்கார்.

---

கல்லடிக்காரி

எல்லாருக்கும் நன்றி. எழுதினதையெல்லாம் அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினன். திரிபோஷாவும் தென்னங்குருத்தும் கேட்டு அவ தன்ட கதைகளையும் சொல்லத் தொடங்கிற்றா.

வாத்தியார் ஐயா சொன்ன மாதிரி வகுப்பாசிரியரைப் போய்ச் சந்திச்சன். அண்டைக்கு அப்பிடிச் சொன்னது இவ இல்ல, வேற ரீச்சர். இவ பொறுமையாக் கேட்டா. வாவியைப் பற்றிச் சுற்றாடல் பாடத்தில வரக்குள்ள பிள்ளைகளுக்குக் காட்டக் கூனி கொண்டு வரச் சொல்லியிரிக்கா, மகன்தான் கொண்டு போகணுமாம். இறால் ஒத்துக்கொள்ளாத பிள்ளை ஆரும் இரிக்கா எண்டும் கேட்டுவைக்கிறன் எண்டா, மருத்துவமாது அம்மாவுக்கு அதுக்கு நன்றி.

மகன் இன்னும் கூனிப் பாண் பள்ளிக்குக் கொண்டு போகல்ல. அதை நான் அவசரப்படுத்தவும் இல்ல. ஆனா லண்டன் அண்ணன் எழுதின சிப் பட்டிக் கதையைக் கேட்டு, மரவள்ளிப் பொரியல் பாண் கேட்டான். பொரியலைத் தனிப் பேப்பரில சுத்திக் குடுத்தன், பாணுக்குள்ள வைக்கிறது அங்க போய். பெட்டி வெறுமையா வந்திச்சு. ரெண்டு பேர் நாளைக்கும் கேட்டவையாம். போறணைத் தம்பி சொன்னபடி தேங்காய்ப்பூவையும் சேர்த்து வறுத்த கூனிச் சம்பல் ஒரு போத்தல் அம்மா செஞ்சு வச்சிரிக்கா. ராவைக்கு அவன் கரண்டியோட அந்தப் போத்தலுக்கிட்ட நிண்டதைக் கண்டன்.

---

சாய்ந்தமருது ராத்தா

மாஷா அல்லாஹ். பிள்ளை கேட்கக்குள்ள குடுங்க, தானா வரும்.

படுவான்கரைத் தம்பி, தயிர்ப் பாணை எங்கட பிள்ளைகளுக்குக் கட்டிக் குடுக்க ஏலுமா? நான் வச்ச தயிர் தண்ணி விட்டுப் பாணெல்லாம் ஊறிப் போயிற்று. இஞ்ச கடையில வாங்கினதுதான்.

---

போறணை வீட்டுப் பெடியன்

ராத்தா, நான் சொல்றன். தயிரை மெல்லிய பருத்தித் துணியில கட்டி ராவைக்குத் தொங்கவிடுங்க, கீழ ஒரு கோப்பை வையுங்க. தண்ணி இறங்கி விடிய கட்டியாயிரிக்கும். பாணின்ட ரெண்டு உள்பக்கத்துக்கும் மார்ஜரினோ பட்டரோ விளிம்பு வரைக்கும் பூசணும், அது ஈரத்தை உள்ள விடாது. றோஸ்ட் பாண்தான் இதுக்கு நல்லம், தோல் தடிப்பு. சீனியை உள்ள போடாதீங்க, சீனிதான் தயிரில இருந்து தண்ணியை இழுக்கும். வாழைப்பழத்தைத் தனியாக் குடுங்க.

---

படுவான்கரையான்

தம்பி சொன்னது சரி. மற்றது தயிரைப் பாத்து வாங்கணும், ராத்தா. எருமைப் பாலில கொழுப்பு ஏறக்குறைய 7 சதவீதம், பசுப்பாலில 4 கிட்ட. அதால எருமைத் தயிர் தானாவே இறுகும். மண்சட்டியில வாறதை வாங்குங்க, சட்டி தண்ணியை உறிஞ்சும், பிளாஸ்டிக் கோப்பை உறிஞ்சாது. வாங்க முதல் சட்டியை மெல்லச் சரிச்சுப் பாருங்க. மேல தண்ணி நிண்டாலோ, தயிர் விளிம்பை விட்டு ஓடினாலோ வேண்டாம் எண்டிருங்க.

இப்ப விலை கூட எண்டு எனக்கும் தெரியும். மயிலத்தமடு, மாதவனைப் பக்கம் மேய்ச்சல் தரைக்காகப் பண்ணையாளர் 2023இல இருந்து சித்தாண்டியில போராடினதை எல்லாரும் அறிவீங்க. மாடு மேய நிலம் இல்லாட்டிப் பால் எங்கால வரும். கிரான், செங்கலடிப் பக்கம் றோட்டோரத்தில நேரடியா விக்கிற ஆக்களிட்ட வாங்கினா நல்ல சட்டி கிடைக்கும், காசும் மாடு வச்சிரிக்கிற ஆக்களுக்கே போகும். விடிய எட்டு மணிக்கு முன்னம் போங்க, நல்லது அதுக்குள்ள முடிஞ்சிரும்.